தகரக் கூரையில் ஆறு மாதத்தில் உரிந்த எனாமல்: டின் வாசகத்தைத் திருத்தவும் இழப்பீடு வழங்கவும் கோரும் கடிதம்

அனுப்புநர்:
வீட்டு உரிமையாளரும் பெயிண்டிங் மேஸ்திரியும்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

நாள்: 3.2.2025

பொருள்: வெளிப்புற சிந்தெடிக் எனாமல், சிவப்பு, 20 லிட்டர் – ஜி.ஐ. ஷீட் (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) கூரையில் உரிதல் – உங்கள் பிரதிநிதியின் ஆய்வு முடிவுக்கு மறுப்பு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் எனாமல் டின்னில் மூன்று வாசகங்கள் பெரிய எழுத்தில் இருக்கின்றன: "மரம், உலோகம் இரண்டுக்கும்", "பிரைமர் தேவையில்லை", "வெளிப்புறத்தில் 5 ஆண்டு உத்தரவாதம்". இவற்றை நம்பி 2024 பிப்ரவரியில் குன்னூரில் ஒரு வீட்டின் தகரக் கூரைக்கும், அதன் விளிம்புப் பலகைகளுக்கும், துணிக்கொடிக் கம்பங்களுக்கும் இந்தப் பெயிண்டை அடித்தோம். ஆகஸ்டில் கூரை உரியத் தொடங்கியது. வடகிழக்குப் பருவமழை முடிவதற்குள் கூரையில் ஏறக்குறைய பாதி வெறும் தகரமாகிவிட்டது.

செப்டம்பரில் வந்து பார்த்த உங்கள் பிரதிநிதி, "ஈரமான பரப்பில் மெல்லியதாகப் பூசப்பட்டுள்ளது, பூச்சு வேலையில் குறை" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வரி தவறு. காரணத்தை உங்கள் தொழில்நுட்பப் பிரிவு சரிபார்த்துக்கொள்ளும் விதத்தில் கீழே எழுதியிருக்கிறோம்.

முதலில் ஈரம் பற்றி. கூரை ஷீட் 2023 டிசம்பரில் மாற்றிய புது ஜி.ஐ. ஷீட். சோப்புத்தூள் கரைத்த நீரால் எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, நல்ல தண்ணீர் விட்டு அலசி, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, 180 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு மட்டும் போகும் அளவுக்குத் தேய்த்தோம். காலையில் பனி ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு 11 மணிக்குத்தான் பிரஷ் எடுத்தோம். 3 மணிக்கு மேல் ஒரு நாளும் அடிக்கவில்லை. மலையில் நாலு மணிக்கு மேல் மூடுபனி இறங்கினால் மேல்தோல் காயாத எனாமல் பளபளப்பு செத்து வெளுத்துப்போகும் என்பது இங்கே பெயிண்ட் வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரிந்தது. வேலை நடந்தபோது காற்றின் வெப்பம் 19 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம். அந்தக் கணக்குக்குப் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் பனித்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பம், சுமார் 11 டிகிரி. ஷீட்டின் வெப்பம் 24 டிகிரி. பரப்பு பனிநிலையைவிட 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பதுதான் பெயிண்ட் தொழிலில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட விதி. இங்கே 13 டிகிரி இடைவெளி இருந்தது. இதற்கு மேல் காய்ந்த தகரம் குன்னூரில் கிடைக்காது.

அடுத்து "மெல்லியதாக" என்ற குற்றச்சாட்டு. கூரையின் சமதள அளவு 900 சதுர அடி. நெளி தகடு என்பதால் 15 சதவீதம் கூட்டினால் 1,035 சதுர அடி, அதாவது 96 சதுர மீட்டர். இரண்டு கோட்டுக்கு 192 சதுர மீட்டர். டின்னில் நீங்கள் போட்டிருக்கும் கணக்கு லிட்டருக்கு 12 சதுர மீட்டர். அதன்படி 16 லிட்டர் போதும். நாங்கள் செலவழித்தது 20 லிட்டர். கலந்த டர்பன்டைன் ஒரே ஒரு லிட்டர், அதாவது 5 சதவீதம். நீங்கள் அனுமதித்திருப்பது 10. உரிந்து விழுந்த துண்டு ஒன்றை ஸ்க்ரூ கேஜில் வைத்து அளந்தோம்: 0.09 மில்லிமீட்டர். காய்ந்த எனாமல் இரண்டு கோட்டுக்கு 90 மைக்ரான் என்றால் அது தாராளமான பூச்சு. பிரதிநிதியின் கையில் எந்த அளவுகோலும் இருக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறோம்.

அந்தத் துண்டைத் தயவுசெய்து திருப்பிப் பாருங்கள். இத்துடன் உறையில் வைத்து அனுப்பியிருக்கிறோம். மேல்பக்கம் சிவப்பு, பளபளப்பு குறையவில்லை, வெடிப்பும் இல்லை. பின்பக்கம் முழுக்க மெல்லிய வெள்ளைப் படலம், விரலால் தடவினால் மாவு மாதிரி ஒட்டும். செந்துரு ஒரு புள்ளிகூட இல்லை. பெயிண்ட் வெயிலில் நைந்து போயிருந்தால் முதலில் மேல்பக்கம் வெளுத்துச் சுண்ணாம்பாக உதிர்ந்திருக்கும். இங்கே மேல்பக்கம் நன்றாக இருக்கும்போதே அடிப்பக்கம் பிடி விட்டிருக்கிறது. உள்ளங்கை அளவுத் துண்டு பப்படம் மாதிரி முழுசாகக் கழன்று வருவது அதனால்தான்.

காரணம் உங்கள் வேதியியலாளர்களுக்குப் புதிதல்ல. சிந்தெடிக் எனாமலை ஒட்ட வைப்பது அல்கைட் ரெசின். அது எண்ணெயின் கொழுப்பு அமிலங்களைக் கொண்டு செய்யப்படுவது. ஜி.ஐ. ஷீட்டின் மேல்தோல் இரும்பல்ல, துத்தநாகம். படலத்தின் வழியாக ஈரம் கசியும்போது துத்தநாகப் பரப்பில் காரத்தன்மை உண்டாகிறது. எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பு. தேங்காய் எண்ணெயில் காரம் ஊற்றி சோப்புக் காய்ச்சுவதும் இதுவும் ஒரே வினைதான். தகட்டுக்கும் பெயிண்டுக்கும் நடுவில் துத்தநாகச் சோப்பு ஒரு படலமாகப் படிந்துவிட்டால் பிறகு பிடிமானம் ஏது? காய்ந்த ஊரில் இது மெதுவாக நடக்கும். ஜூனிலிருந்து டிசம்பர் வரை இரண்டு பருவமழையும், மற்ற நாளில் மூடுபனியும் உள்ள நீலகிரியில் மாதக்கணக்கில் நடந்து முடிந்துவிடும்.

இதே பெயிண்டை, இதே வாரத்தில், இதே மேஸ்திரி துணிக்கொடிக் கம்பங்கள் இரண்டுக்கும் அடித்தார். அவை சாதாரண இரும்புக் குழாய்கள், துத்தநாகம் கிடையாது. துரு சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, நீங்கள் சொன்னபடியே பிரைமர் இல்லாமல் நேரடியாக இரண்டு கோட். இன்றுவரை அவற்றில் ஒரு இடத்திலும் உரியவில்லை. கூரையில் படும் அதே மழைதான் அவற்றிலும் படுகிறது. கை ஒன்று, பெயிண்ட் ஒன்று, பருவம் ஒன்று. மாறியது அடியில் இருக்கும் உலோகம் மட்டும்.

சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்று மீந்திருந்த ஷீட்டில் மூன்று துண்டு வெட்டி, செப்டம்பர் கடைசியில் தயார் செய்து, திறந்தவெளியில் சாய்த்து வைத்தோம். முதல் துண்டில் உங்கள் எனாமல் நேரடியாக. இரண்டாவதில் எட்ச் பிரைமர் (தகட்டை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் அடிப்பூச்சு) ஒரு மெல்லிய கோட், அதன் மேல் உங்கள் எனாமல். மூன்றாவதில் வெளிப்புற உலோகத்துக்கான தண்ணீர் அடிப்படை அக்ரிலிக், வேறு கம்பெனியுடையது, நேரடியாக. ஜனவரி கடைசியில் ஒவ்வொன்றிலும் 3 மில்லிமீட்டர் இடைவெளியில் பிளேடால் குறுக்கும் நெடுக்கும் கீறி 25 கட்டம் போட்டு, டேப் ஒட்டி வெடுக்கென இழுத்தோம். முதல் துண்டில் 17 கட்டங்கள் டேப்போடு வந்துவிட்டன. இரண்டாவதில் ஒன்றும் வரவில்லை. மூன்றாவதில் ஓரத்தில் ஒரு கட்டம். மூன்று துண்டுகளையும் பத்திரமாக வைத்திருக்கிறோம். உங்கள் ஆய்வகத்துக்கு வேண்டுமென்றால் தருகிறோம்.

இரண்டாவது துண்டுக்கு எட்ச் பிரைமர் போட எங்களுக்கு வழி காட்டியது உங்கள் நிறுவனமேதான். புகாருக்குப் பிறகு கேட்டு வாங்கிய உங்கள் தொழில்நுட்பத் தாளின் இரண்டாம் பக்கத்தில், பொடி எழுத்தில், "துத்தநாகம் பூசிய பரப்புக்கு எட்ச் பிரைமர் அவசியம்" என்று இருக்கிறது. ஆக, விஷயம் உங்களுக்குத் தெரியும். டின்னில் மட்டும் "பிரைமர் தேவையில்லை" என்று போட்டு, அதன் முன்பக்கத்தில் சிவப்புத் தகரக் கூரையைப் படமாகவும் அச்சிட்டிருக்கிறீர்கள். கடைக்காரர் பார்ப்பது டின். மேஸ்திரி படிப்பது டின். அந்தத் தாள் இவர்கள் யாருடைய கைக்கும் வருவதில்லை. ரெட் ஆக்சைடு பிரைமரும் சாதாரண எனாமலும் ஜி.ஐ. ஷீட்டில் நிற்காது என்பது மேஸ்திரிக்கு ஏற்கெனவே தெரியும். கூரைப் படமும் நேரடியாக அடிக்கலாம் என்ற உறுதியும் இருந்ததால்தான், இது அதற்கென்றே செய்த சிறப்புக் கலவை என்று நம்பி உங்கள் டின்னைத் தேர்ந்தெடுத்தார்.

எட்ச் பிரைமரிலும் மலைக்கென்று ஒரு சிக்கல் உண்டு. இரண்டு டின்னாக வருவதைக் கலந்தால் 8 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். கண்ணுக்குத் தகடு தெரிகிற அளவுக்கு மெல்லியதாகத்தான் அடிக்க வேண்டும். மூடுபனி அதை நனைப்பதற்குள் மேல்கோட் ஏறிவிட வேண்டும். பகலில் நாலு மணி நேரம்தான் வேலை நேரம் என்ற ஊரில் 900 சதுர அடியைத் துண்டு துண்டாகப் பிரித்தால்தான் இது நடக்கும். அதனால் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் தகரக் கூரை என்றால் சோப்பாக மாறாத அக்ரிலிக்தான் எங்கள் சிபாரிசு. அதற்கும் 10 டிகிரிக்கு மேல் வெப்பமும் பனி இறங்கும் முன் காய நேரமும் வேண்டும்.

மறுகோட்டு நேரத்தையும் இதோடு கவனியுங்கள். டின்னில் 6 மணி நேரம் என்று இருக்கிறது. அது 30 டிகிரிக்குச் சரி. இங்கே மறுநாள் காலையிலும் முதல் கோட் விரலில் லேசாக ஒட்டியது. நாங்கள் முழுதாக 24 மணி நேரம் விட்டோம். டின்னை நம்பி அன்றே இரண்டாவது கோட் அடித்திருந்தால் சுருங்கித் தோல் மடிந்திருக்கும். ஜனவரியில் உறைபனி விழும் ஊட்டியிலும் இதே டின்னைத்தான் விற்கிறீர்கள்.

மரம் பற்றிச் சுருக்கமாக. விளிம்புப் பலகை 16, பழைய தேக்கு. 80, பிறகு 120 நம்பர் தாள் போட்டு, தேக்கின் எண்ணெய் போக டர்பன்டைனில் துடைத்து, பெயிண்ட் நிற்பதற்காகக் கூர் விளிம்புகளை உருட்டிவிட்டுத்தான் அடித்தோம். அடிக்குமுன் ஈரமானியில் 14 பலகைகள் 12 முதல் 14 சதவீதம் காட்டின. இரண்டு பலகைகள் 19 காட்டியும் அடித்துவிட்டோம். அவை கொப்புளித்தது எங்கள் பிழை, அவற்றுக்கு நாங்கள் எதுவும் கேட்கவில்லை. மற்ற 14 பலகைகளில் நடுப்பகுதி நன்றாகவே இருக்கிறது. வெட்டுமுனைகளில்தான் வெடிப்பு. மரத்தின் வெட்டுமுனை ஸ்ட்ரா மாதிரி தண்ணீரை இழுக்கும். மூடுபனியில் உப்பி வெயிலில் சுருங்கும் மரத்தோடு, காயக் காய விறைத்துப்போகும் எனாமல் ஈடு கொடுக்காது. வெட்டுமுனைக்கு மர பிரைமர் இரண்டு கோட், முடிந்தால் பலகையைப் பொருத்துவதற்கு முன்பே பின்பக்கத்துக்கும் ஒரு கோட் என்று ஒரு வரி டின்னில் இருந்திருந்தால் அந்தப் பலகைகள் தப்பியிருக்கும்.

நாங்கள் கேட்பவை: கூரைக்கு வாங்கிய 20 லிட்டரின் விலை ரூ. 7,200, அதை அடித்த கூலி ரூ. 14,500, உரிந்ததும் உரியாததுமாக நிற்கும் பெயிண்டைச் சுரண்டி எடுக்கும் கூலி ரூ. 16,000, அந்த 14 பலகைகளுக்குச் செலவான 4 லிட்டரின் விலை ரூ. 1,440. மொத்தம் ரூ. 39,140. மறுபடி அடிக்கும் செலவை உங்கள் தலையில் கட்டவில்லை. எப்படியும் ஒரு முறை நாங்கள் செலவழித்திருக்க வேண்டியதுதான் அது.

பணத்தைவிட எங்களுக்கு முக்கியமானவை இரண்டு. "பூச்சு வேலையில் குறை" என்ற முடிவை எழுத்து மூலம் திரும்பப் பெறுங்கள். பத்து வீட்டுக்காரர்கள் ஒருவருக்கொருவர் விசாரித்து வேலை கொடுக்கும் சிறிய ஊர் இது. அளந்து பார்க்காமல் எழுதிய அந்த ஒரு வரி ஒரு மேஸ்திரியின் பிழைப்பில் கை வைக்கிறது. இரண்டாவது, டின்னில் "ஜி.ஐ. ஷீட்டுக்கு எட்ச் பிரைமர் இல்லாமல் அடிக்கக் கூடாது" என்று தமிழில், "5 ஆண்டு" என்ற வாசகத்தின் அதே எழுத்தளவில் அச்சிடுங்கள். கடைகளில் இருக்கும் பழைய டின்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டினாலும் போதும். பிப்ரவரியும் மார்ச்சும்தான் மலையில் கூரைக்குப் பெயிண்ட் அடிக்கும் காலம். இந்த வாரமும் யாரோ அந்தப் படத்தைப் பார்த்து டின் வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

உரிய சோதனை இல்லாமல் ஒரு பொருளின் ஆயுளுக்கு உத்தரவாதம் தருவதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47) முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. இக்கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்போம். அதற்கு முன் உங்கள் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து ஒருவர் தடிமன் அளக்கும் கருவியோடு நேரில் வந்தால், கூரையில் ஏற ஏணி போட்டுத் தருகிறோம்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர் (ஒப்பம்)
பெயிண்டிங் மேஸ்திரி (ஒப்பம்)

இணைப்பு: வாங்கிய ரசீது நகல், டின்னின் நான்கு பக்கப் படங்கள், உரிந்த துண்டு ஒன்று, சோதனைத் துண்டுகளின் படங்கள், பிரதிநிதியின் ஆய்வுக் குறிப்பு நகல்.