ஷாஃப்டைத் திறக்க நாள் குறியுங்கள்: குடியிருப்போர் சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். மூன்றாம் மாடியில் நான் வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டின் கசிவைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கடிதங்களும் படங்களும் உங்கள் கோப்பிலேயே இருக்கின்றன. போன வாரம் நடந்தது மட்டும் அதில் ஏறியிருக்காது. குளியலறையை ஒட்டிய படுக்கையறையில் கூரைப் பூச்சு ஒரு முறம் அகலத்துக்குப் பெயர்ந்து கட்டிலின் மேல் விழுந்தது. குழந்தை தூங்கும் கட்டில் அது. பகல் நேரம் என்பதால் யாருக்கும் அடிபடவில்லை.

அன்று மாலை குடியிருப்பவர் தொலைபேசியில் அழைத்தார். குரலை உயர்த்தவில்லை. "நாங்கள் வேறு வீடு பார்த்துக்கொள்ளட்டுமா சார்?" என்று மட்டும் கேட்டார். வாடகையை ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடாத குடும்பம். அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான். அந்தப் பதிலோ, மாடிகளின் குழாய்கள் இறங்கும் ஷாஃப்டின் கதவைத் திறக்கும் உங்கள் சாவிக்கொத்தில் இருக்கிறது.

ஈரம் தெரியும் இடத்திலேயே ஓட்டை இருக்கும் என்று சொல்ல முடியாது. தண்ணீர் தளத்துக்குள்ளும் குழாயை ஒட்டியும் ஊர்ந்துபோய், வழி கிடைத்த இடத்தில் சொட்டும். மேல்வீட்டில் ஆள் இல்லாதபோதும் சொட்டினால் நல்ல தண்ணீர்க் குழாயைச் சந்தேகிக்கலாம். அவர்கள் குளித்த பிறகு மட்டும் சொட்டினால் தரை அல்லது கழிவுநீர்க் குழாய். இங்கே நடப்பது இரண்டாவது. மேல்வீட்டுக்காரர் பெருந்தன்மையானவர், தம் குளியலறை வடிகாலை அடைத்து, சாயம் கலந்த தண்ணீரை ஒரு நாள் முழுவதும் தரையில் தேக்கிவைக்கச் சம்மதித்தார். கீழே சாயம் இறங்கவில்லை. மிச்சம் இருப்பது கழிவுநீர்க் குழாயும், அது ஷாஃப்டில் போய்ச் சேரும் இணைப்பும்தான். ஷாஃப்டைத் திறந்தால் தெரிந்துவிடும்.

பிளம்பரோடு வந்தால், குழுவின் அனுமதி இல்லாமல் திறக்கக் கூடாது என்கிறார் காவலர். அனுமதி கேட்டால் அடுத்த கூட்டத்தில் பேசுவோம் என்கிறீர்கள். கூட்டத்துக்கு வந்தால், வீட்டுக்குள் இருக்கும் பிரச்சினையை உரிமையாளரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறீர்கள். பார்த்துக்கொள்கிறேன் ஐயா, கதவைத் திறந்துவிடுங்கள்.

கூரையைப் பூசி வெள்ளையடிக்க எனக்கு ஒரு நாள் போதும். உள்ளே ஈரம் இருக்கும்வரை உப்புப் பூத்து, புதுப் பூச்சும் உப்பிக்கொண்டு விழும். அதைவிடப் பெரிய கவலை தளத்துக்குள் இருக்கும் கம்பி. துருப்பிடித்த கம்பி பருத்து, சுற்றியுள்ள கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்துவிடும். பூச்சு விழுந்த இடத்தை அண்ணாந்து பார்த்தால், கம்பி ஓடும் கோட்டிலேயே பழுப்புக் கறை தெரிகிறது. குழுவிலிருந்து ஒருவராவது நேரில் வந்து அதைப் பார்த்திருக்கலாம். என் வீட்டுக் கூரைதான் மேல்வீட்டுக்குத் தரை. அது பலவீனமானால் அந்த நல்ல மனிதருக்கும் ஆபத்துதான்.

இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இங்கே குடியிருக்காத உரிமையாளர் என்றாலே மாதம் பிறந்தால் வாடகையை எண்ணுகிறவர் என்ற நினைப்பு உங்களில் சிலருக்கு இருக்கிறது. பராமரிப்புக் கட்டணம் எல்லோரையும் போல நானும் கட்டுகிறேன்; தாமதமானால் அபராதத்தையும் சேர்த்தே கட்டுகிறேன். ஆனால் குடியிருப்பவர் புகாரோடு வந்தால் "உரிமையாளரை வரச் சொல்லுங்கள்" என்று அனுப்பிவிடுகிறீர்கள். நான் வந்தால் "நீங்கள் இங்கே இருப்பதில்லையே" என்கிறீர்கள். அப்படியானால் அந்த வீட்டுக்காகப் பேசும் உரிமை யாருக்குத்தான் இருக்கிறது? வாடகைக்கு இருப்பவர்கள் வந்து போகிறவர்கள் என்பதற்காக, அவர்கள் தலையில் விழுவது அவசரமில்லாத விஷயமாகிவிடுமா?

வாக்குவாதம் வளர்க்க இதை எழுதவில்லை. என் வேண்டுகோள் ஒன்றே. ஷாஃப்டைத் திறந்து பார்க்க ஒரு நாளைக் குறித்து எழுத்தில் தாருங்கள். உங்கள் தரப்பில் ஒருவர் உடன் இருக்கட்டும். பழுது என் வீட்டுக்கு மட்டுமான குழாயில் இருந்தால் செலவு முழுவதும் என்னுடையது. பொதுக் குழாயில் இருந்தால் சங்கம் சரிசெய்து தர வேண்டும். மேல்வீட்டுக் குழாய் என்றால் அவரோடு நானே பேசிக்கொள்கிறேன். இதற்கு அடுத்த கூட்டம்வரை காத்திருக்க வைக்க வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். குடியிருப்பவர் கேட்ட கேள்விக்கு இந்த வாரத்துக்குள் நான் பதில் சொல்லியாக வேண்டும்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடி வீட்டின் உரிமையாளர்