இந்தியா கேட்ல எங்கப்பாவுக்கு உதவுன தம்பிக்கு

தம்பி, உங்க பேர் கேக்காம விட்டுட்டேன், அதான் இங்க எழுதுறேன். போன ஞாயிறு காலைல டெல்லி இந்தியா கேட் பக்கத்துல இருக்கற தேசிய போர் நினைவிடத்துல வெள்ளை வேட்டி கட்டிட்டு ஒரு பெரியவர் கல்லுல பேர் தேடிட்டு இருந்தாரே, அவரு எங்கப்பா. 1971 போரப்போ மெட்ராஸ் ரெஜிமெண்ட்ல இருந்தவரு, ஹவில்தாரா ரிட்டயர் ஆகி அப்புறம் சட்டம் படிச்சு குடியாத்தம் கோர்ட்ல வக்கீலா இருந்தாரு. பட்டாளத்துக்காரர் சம்சாரம் யாராவது பென்ஷன் வரலன்னு வந்து நின்னா ஃபீஸே வாங்க மாட்டாரு, 2009-ல ராணுவத் தீர்ப்பாயம் வர்றதுக்கு முன்னாடி இதுக்கு ஹைகோர்ட்டுக்குத் தான் போகணும், சொந்தக் காசுல பஸ் ஏறி மெட்ராஸ் போவாரு.

கூட இருந்து அந்த 1971 போர்ல உயிர் விட்ட சிநேகிதர் பேரை ஒரு தடவை பாத்துடணும்னு தான் டெல்லி ஆர்.கே.புரத்துல இருக்கற என் வீட்டுக்கே வந்தாரு. நினைவிடத்துல வீரர்கள் பேரைக் கல்லுல பொறிச்சு வச்சிருக்கற தியாக சக்கரத்துல 25 ஆயிரத்துக்கும் மேல பேரு, எங்கன்னு தேடுறது? நான் தண்ணி எடுத்துட்டு வர்றதுக்குள்ள நீங்க "தாத்தா, யாரைத் தேடுறீங்க"ன்னு தமிழ்ல கேட்டு, ஒவ்வொரு கல்லா படிச்சுக்கிட்டே போய் கண்டுபிடிச்சுட்டீங்க. அப்பா செருப்பைக் கழட்டிட்டு சல்யூட் அடிச்சாரு, கை ரொம்ப நடுங்குச்சு, நீங்க முழங்கையத் தாங்கிப் புடிச்சீங்க பாருங்க, அதை என் உயிர் இருக்கற வரைக்கும் மறக்க மாட்டேன்.

ரொம்ப நன்றி தம்பி. அப்பா ஊருக்குப் போயும் உங்களைத் தான் கேக்குறாரு. இதைப் பாத்தா ஒரு வார்த்தை எழுதுங்க, வீட்டுக்கு சாப்பிட வரணும்.