60 ஹெர்ட்ஸ் ஏன் இல்லை என்பதைத் திரையிலேயே சொல்லுங்கள்

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் கிராஃபிக்ஸ் பகுதியையும், க்னோம், கேடிஇ போன்ற டெஸ்க்டாப்களையும் உருவாக்கும் அனைவருக்கும்,

வணக்கம். நீங்கள் எழுதிய நிரல்களை நம்பித்தான் பல வருடங்களாக என் வேலை ஓடுகிறது. அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன். கேட்பது ஒன்றே ஒன்று. மானிட்டர் தாங்கும் ஒரு ரெஃப்ரெஷ் ரேட்டை (திரை விநாடிக்கு எத்தனை தடவை புதுப்பிக்கப்படுகிறது என்ற எண், ஹெர்ட்ஸில்) பட்டியலிலிருந்து நீக்கும்போது, ஏன் நீக்கினீர்கள் என்பதையும் அங்கேயே சொல்லுங்கள்.

என் லேப்டாப்பின் திரை 144 ஹெர்ட்ஸ். வெளியே ஒரு 4கே மானிட்டர், 60 ஹெர்ட்ஸ். மேசையில் வயர்களைக் குறைக்கலாம் என்று ஒரு யூஎஸ்பி-சி ஹப் வாங்கி, மானிட்டரை அதன் வழியாக மாட்டினேன். படம் வந்தது. ஆனால் மவுஸை வட்டமாகச் சுற்றினால், லேப்டாப் திரையில் வழுக்கிக்கொண்டு போகும் அம்பு, பெரிய திரைக்குத் தாண்டியதும் தனித்தனி அம்புகளாகச் சிதறியது. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி. ஜன்னலைப் பிடித்து இழுத்தால் அது கைக்குப் பின்னாலேயே வந்தது. செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன். ரெஃப்ரெஷ் ரேட் பட்டியலில் 30-உம் அதற்குக் கீழே உள்ளவையும்தான் இருந்தன. 60 இல்லை. இல்லாததற்கு ஒரு வார்த்தை விளக்கமும் இல்லை.

மூன்று மாலைகள் போயின. கெர்னலை மாற்றினேன். டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி போட்டேன். பழைய குறிப்புகளை நம்பி எக்ஸ்ரேண்டர் என்ற கட்டளையில் புது மோட் (திரையளவும் ரெஃப்ரெஷ் ரேட்டும் சேர்ந்த அமைப்பு) சேர்க்கப் பார்த்தேன். திரையில் வரைவதற்கான புதிய முறையான வேலண்டில் அந்தக் கட்டளை, பழைய நிரல்களுக்கான இடைத்தரகரான எக்ஸ்வேலண்டோடுதான் பேசுகிறது, அதை வைத்து மானிட்டரில் புது மோட் சேர்க்கவே முடியாது என்பது அப்புறம்தான் புரிந்தது. பிறகு மானிட்டரின் ஈடிஐடியைப் பிரித்துப் படித்தேன். மானிட்டர் தன்னைப் பற்றித் தானே சொல்லும் தகவல் அது, 128 பைட் துண்டுகளாக வரும். அதில் 4கே அளவில் 60 ஹெர்ட்ஸ் என்று தெளிவாகவே இருந்தது. மானிட்டர் முடியும் என்கிறது, செட்டிங்ஸ் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

விடை கடைசியில் கெர்னல் எழுதிவைக்கும் பதிவான லாகில் கிடைத்தது. கெர்னலின் கிராஃபிக்ஸ் பகுதியான டிஆர்எம் விரிவாகப் பதிவு எழுதும்படி டிபக்கை இயக்கிவிட்டு மானிட்டரைக் கழற்றி மாட்டினேன். கடகடவென்று ஓடிய வரிகளுக்கு நடுவில், அந்த மோட் நிராகரிக்கப்பட்டதாக ஒரு வரி. பக்கத்திலேயே காரணம்: க்ளாக் ஹை. இந்த இணைப்பு சுமக்கக்கூடிய வேகத்தை அந்த மோட் தாண்டுகிறது என்று அர்த்தம்.

அது தெரிந்த பிறகு மிச்சம் வெறும் கணக்குதான். யூஎஸ்பி-சி கேபிளில் அதிவேகத் தடங்கள் நான்கு. ஹப் தன்னுடைய யூஎஸ்பி 3 போர்ட்டுகளுக்கு அதில் இரண்டை எடுத்துக்கொண்டால், படத்துக்கு இரண்டுதான் மிஞ்சும். படம் போவது டிஸ்ப்ளேபோர்ட் முறையில். அதன் 1.2 பதிப்பில் ஒரு தடத்தின் உச்சம் விநாடிக்கு 5.4 கிகாபிட். இரண்டுக்கும் சேர்த்து 10.8. குறியாக்கத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு போனால் கையில் நிற்பது 8.64. பிக்சலுக்கு 24 பிட் என்று வைத்தால், 4கே படம் 60 ஹெர்ட்ஸில் ஓடப் பிக்சல்களுக்கு மட்டுமே 11.9 கிகாபிட் வேண்டும். இடம் போதாது. 30 ஹெர்ட்ஸ் என்றால் அதில் பாதி, தாராளமாகப் போகும். ஹப்பை எடுத்துவிட்டு மானிட்டரை நேராக லேப்டாப்பில் மாட்டினேன், 60 வந்துவிட்டது.

நான் மூன்று மாலைகள் தேடிய விடை, மானிட்டரை மாட்டிய முதல் விநாடியே கெர்னலுக்குத் தெரிந்திருந்தது. அதை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை.

என்னையாவது விடுங்கள், எனக்கு லாக் படிக்கத் தெரியும். என் பேச்சைக் கேட்டு லினக்ஸுக்கு மாறிய ஒரு தம்பி இதே 30 ஹெர்ட்ஸில் மாட்டிக்கொண்டு, "அண்ணா, மானிட்டர் போயிடுச்சுன்னு நினைக்கிறேன். இல்லன்னா லினக்ஸுக்கு இது சேராது போல" என்றான். மானிட்டரும் நன்றாக இருந்தது, லினக்ஸும் நன்றாக இருந்தது. அவன் லேப்டாப்பில் இருந்தது ஹெச்டிஎம்ஐ 1.4 போர்ட். அதில் பிக்சல்களை அனுப்பும் வேகமான பிக்சல் க்ளாக்கின் உச்சம் 340 மெகாஹெர்ட்ஸ். வழக்கமான 4கே 60 மோடுக்கு 594 வேண்டும், அந்த வேகம் 2013-இல் வந்த 2.0-இல்தான் கிடைத்தது. ஒரே ஒரு வரி இருந்திருந்தால் நல்ல மானிட்டரைச் சந்தேகப்பட்டிருக்க மாட்டான்.

உங்களால் முடியாது என்று நான் நினைக்கவில்லை. இதைவிடக் கடினமானதைச் செய்து காட்டியவர்கள் நீங்கள். 144-உம் 60-உம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், வேலண்டுக்கு முந்தைய முறையான எக்ஸ்11-இல் இரண்டும் ஒரே பெரிய பரப்பு. ஜன்னல்களைச் சேர்த்துத் திரையில் வரையும் கம்போசிட்டர் ஒரே தாளத்தில் வரைந்து, வேகமான திரையையும் 60-க்கு இழுத்துவிடுவது சகஜமாக இருந்தது. 2020-இல் க்னோம் 3.38-உம், 2021-இல் கேடிஇயின் பிளாஸ்மா 5.21-உம் வேலண்டில் ஒவ்வொரு திரைக்கும் அதனதன் தாளத்தைக் கொடுத்தன. முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

செட்டிங்ஸை எளிமையாக வைக்க வேண்டும் என்ற உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. 59.94, 60 என்று இரண்டு எண்கள் அடுத்தடுத்து இருந்தாலே சிலர் குழம்புகிறார்கள். ஆனால் விளக்கம் இல்லாத பட்டியல் எளிமையானது அல்ல. நிராகரித்த மோடைக் கெர்னல் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவதால் மேலே இருப்பவர்களுக்கு அது தெரியாது என்பீர்கள். சரி, ஆனால் ஈடிஐடி கம்போசிட்டரின் கையில்தானே இருக்கிறது? அதைப் படிக்க லிப்டிஸ்ப்ளே-இன்ஃபோ என்ற நூலகமும் இருக்கிறது. இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டாலே விடுபட்டது எது என்று தெரிந்துவிடும், அதை மங்கலாகவாவது காட்டலாம். காரணத்தை மேலே அனுப்புவதுதான் கெர்னலின் வேலை. ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பு பழுதானால் லிங்க்-ஸ்டேட்டஸ் என்ற பண்பு மூலம் ஏற்கெனவே சொல்கிறீர்கள். இதற்கும் அப்படி ஒரு வழி வேண்டும்.

இரண்டு ஜிபியு (கிராஃபிக்ஸ் சில்லு) உள்ள லேப்டாப்களில் எந்த போர்ட் எந்த ஜிபியுவில் இருக்கிறது என்பதையும் அதே இடத்தில் காட்டினால் நல்லது. ஹெச்டிஎம்ஐ 2.1 விஷயத்தில் தவறு உங்களுடையது அல்ல. ஏஎம்டியின் திறந்த மூல டிரைவரில் அதைச் சேர்க்க, அந்தத் தரத்தை வகுக்கும் ஹெச்டிஎம்ஐ ஃபோரம் 2024-இல் அனுமதி மறுத்தது எனக்குத் தெரியும். ஆனாலும் டிரைவரால்தான் ஒரு வேகம் வரவில்லை என்றால், அதைச் சொல்லிவிட்டால் யாரும் கேபிள் கேபிளாக மாற்றிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

எனக்கு வேண்டிய வரி இவ்வளவுதான்: "மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் தாங்கும், இந்த இணைப்பின் வேகம் அதற்குப் போதவில்லை." மங்கலாகத் தெரியும் 60-க்குக் கீழே, சின்ன எழுத்தில் இருந்தால் போதும். தமிழ் மொழிபெயர்ப்பை மேலே கொடுத்துவிட்டேன். சோதித்துப் பார்க்க அந்த ஹப்பையும் பத்திரமாக வைத்திருக்கிறேன், எந்தப் பதிப்பில் சேர்க்கிறீர்கள் என்று சொன்னால் அன்றைக்கே மாட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பயனர்களில் ஒருவன்