சித்தப்பாவுக்கு: அந்தப் படத்தின் மிச்சம்

அன்புள்ள சித்தப்பா,

பொங்கலுக்குக் கம்மவான்பேட்டை வந்தபோது லாரல் ஹார்டி படம் ஒன்று போட்டேனே, 1939இல் வந்த 'தி ஃப்ளையிங் டியூசஸ்', அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். மலைமலையாகக் குவிந்த அழுக்குத் துணியை இரண்டு பேரும் துவைக்கிற இடத்தில் நீங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். அவர்கள் பட்டாளத்தை விட்டுக் கிளம்பியதும் முகம் மாறிவிட்டது. "ஓடிப்போறது இவனுங்களுக்கு விளையாட்டா?" என்று திண்ணைக்குப் போய்விட்டீர்கள்.

வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போகிற ஊரில் அந்தக் கோபம் நியாயம்தான். ஆனாலும் மிச்சத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

அந்தப் படம் சிப்பாயைக் கேலி செய்யவில்லை, சித்தப்பா. அணி நேராக நடந்தால்தானே கால் மாற்றி வைக்கிறவன் கண்ணில் படுவான்? பட்டாளத்தின் ஒழுங்கை நம்பித்தான் மொத்தச் சிரிப்பும் நிற்கிறது. இவர்கள் சேர்ந்ததே நாட்டுக்காக இல்லை. பாரிஸில் ஆலி, அதாவது ஹார்டி, ஒரு பெண்ணிடம் மனதைப் பறிகொடுக்கிறான். அவளோ ஏற்கெனவே கல்யாணமானவள். சேன் நதியில் விழப் போனவனை, வெளிநாட்டாரையும் சேர்த்துக்கொள்கிற பிரெஞ்சுக்காரர்களின் பட்டாளமான ஃபாரின் லீஜனில் சேர்ந்தால் எல்லாம் மறந்துபோகும் என்று ஒரு அதிகாரி திருப்பி அனுப்புகிறார். ஸ்டானுக்கு, அதாவது லாரலுக்கு, காதலும் இல்லை, தோல்வியும் இல்லை. கூட்டாளி போகிறான், அவனும் போகிறான். அவ்வளவுதான்.

நீங்கள் போன பிறகு வந்தது என்ன தெரியுமா? ஓடிப்போன குற்றத்துக்கு விடிந்தால் சுட்டுக்கொல்லத் தீர்ப்பு. அந்த ராத்திரி சிறையில் ஸ்டான் கட்டிலின் கம்பிச் சுருளை யாழ் மாதிரி மீட்டுகிறான். எத்தனை தடவை பார்த்தாலும் அங்கே எனக்குத் தொண்டை அடைக்கிறது. செத்தால் என்னவாகப் பிறக்க ஆசை என்று முன்னால் நதிக்கரையில் ஒரு பேச்சு வருமே, ஆலி குதிரை என்பானே, அதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிக் காட்சிக்கு அதுதான் சாவி.

உங்களோடு ஒரே நாளில் சேர்ந்து, நீலகிரி வெலிங்டன் பட்டாள முகாமில் பக்கத்துக் கட்டிலில் படுத்த கூட்டாளியைப் பற்றி எத்தனை கதை சொல்லியிருக்கிறீர்கள்! ஞாயிற்றுக்கிழமை அவரையும் கூப்பிட்டு வையுங்கள். வேலூரிலிருந்து காலை பஸ்ஸிலேயே வந்துவிடுகிறேன். துணி துவைக்கிற இடத்திலிருந்து மறுபடி போடலாம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்