சார்ஜென்ட் போர்டுக்கு நிக்கப்போற தமிழ் பிள்ளைங்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க ஆர்மில ஸ்பெஷலிஸ்டா இருக்குற தம்பி தங்கச்சிங்களா,

க்ரீன் கார்டு இல்லாத வெளிநாட்டுக்காரங்கள மொழித் திறமைக்காகவும் ஆர்மில சேத்துக்கிட்ட, 2008ல ஆரம்பிச்சு 2016ல நின்னுபோன மாவ்னி திட்டத்தோட மொழி லிஸ்ட்ல தமிழும் இருந்துச்சு, அதுல வந்தவங்க உங்கள்ல சிலர் இருப்பீங்க, சிலர் க்ரீன் கார்டோட சேந்தவங்க, சிலர் இங்கயே பொறந்து வளந்தவங்க. ஆனா சார்ஜென்ட் பதவி உயர்வுக்கு சீனியருங்க முன்னாடி போய் பதில் சொல்ற அந்த போர்டுக்கு தேதி வந்துருச்சுன்னா மட்டும் எல்லாரும் ஒரே மாதிரி ஆயிடுறீங்க. ஸ்டடி கைடை ப்ரின்ட் எடுத்து பைண்டர்ல போட்டு பப்ளிக் எக்ஸாம் மாதிரி ராத்திரி பூரா உருப்போடுறது. நான் இப்ப ஸ்டாஃப் சார்ஜென்ட், மாக் போர்டு, அதாவது ஒத்திகை போர்டு, நடத்துற பக்கம் உக்காந்து உங்களை மாதிரி பிள்ளைங்கள நிறைய பாத்துட்டேன், அதனால அக்காவா உரிமை எடுத்துக்கிட்டு சொல்றேன், உங்க மனப்பாடம் அங்க நீங்க நெனைக்குற அளவுக்கு வேலைக்கு ஆகாது.

ஏன்னா 2011க்கு முன்னாடி போர்டே 150 பாயின்ட் வரைக்கும் குடுக்கும், ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு கணக்கு இருந்துச்சு. அத எடுத்துட்டாங்க. இப்ப போர்டு சொல்றது சிபாரிசு பண்றோம், இல்ல பண்ணல, அவ்ளோதான். 800 பாயின்ட்ங்குற மொத்த கணக்கும் உங்க ரெக்கார்டுல இருந்து வருது, துப்பாக்கி குவாலிஃபிகேஷன், ஃபிட்னஸ் டெஸ்ட், மெடல், மிலிட்டரி கோர்ஸ், காலேஜ் படிப்பு இப்படி. அப்ப அந்த ரூம்ல என்ன தான் பாக்குறாங்க? நாளைக்கு இந்த ஆள்கிட்ட நாலு சோல்ஜர குடுத்தா தாங்குவானா, தாங்குவாளா, இது ஒண்ணு தான். ராணுவம் எந்த வருஷம் ஆரம்பிச்சதுன்னு கேப்பாங்க, 1775 ஜூன் 14ன்னு நீங்க சொல்லுவீங்க, சொல்லத்தான் வேணும், ஆனா அத சொல்றப்ப உங்க குரல் எப்படி இருக்கு, கண்ணு எங்க இருக்குன்னு தான் எதிர்ல இருக்குறவங்க பாத்துட்டு இருப்பாங்க.

கண்ணுன்னதும் தான் நம்ம பிரச்சனையே வருது. வீட்ல பெரியவங்க பேசுறப்ப நேரா மூஞ்ச பாத்தா என்ன திமிரா பாக்குறன்னு கேட்டு வளத்தாங்கல்ல, அது உடம்புலயே ஊறிக்கெடக்கு. போர்டுல நடுவுல சார்ஜென்ட் மேஜர், ரெண்டு பக்கமும் ஃபர்ஸ்ட் சார்ஜென்ட்டுங்க, அத்தன சீனியர் ஆளுங்கள ஒண்ணா பாத்ததும் தானா தல குனியுது. நமக்கு அது மரியாதை, அவங்களுக்கு அது இந்த ஆளுக்கு தன் மேலயே நம்பிக்கை இல்லங்குற மாதிரி தெரியுது. அதே மாதிரி ஆமாவா இல்லையான்னு புரியாத நம்ம தலையாட்டல், அப்புறம் பதட்டத்துல வாய்ல வந்து விழுற "சார்". ஆபீசர் இல்லாத ஆளை சார்னு கூப்ட்டா அந்த ரூம் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், ஒவ்வொரு பதில்லயும் சார்ஜென்ட் மேஜர், ஃபர்ஸ்ட் சார்ஜென்ட்னு அவங்க பதவிய சொல்லி பேசிப் பழகுங்க. இதெல்லாம் ஸ்டடி கைட்ல இருக்காது, உங்க ஸ்குவாட் லீடருக்கும் தோணாது, ஏன்னா அவங்க அப்படி வளரல.

அதனால மொதல்ல படிக்கிறத வாய்விட்டு படிங்க. மனசுக்குள்ள ஓட்டுறது வேற, யூனிஃபார்ம் போட்டு நாற்காலி நுனில முதுகு சாயாம உக்காந்துக்கிட்டு எதிர்ல ஒருத்தர் மொறைக்கிறப்ப சொல்றது வேற. என்.சி.ஓ. க்ரீட, அதாவது சார்ஜென்ட் மாதிரி ஆபீசர் இல்லாத தலைவருங்களோட உறுதிமொழிய, சும்மா ஒப்பிக்காதீங்க, அதோட மூணு பாராவும் வரிசையா என், சி, ஓன்னு தான் ஆரம்பிக்குது, அத பிடிச்சுக்கிட்டா நடுவுல தடுமாறுனாலும் அடுத்தது எங்கன்னு தெரியும். அதுல ரெண்டு பொறுப்பு சொல்றாங்கல்ல, குடுத்த வேலைய முடிக்கிறது, சோல்ஜர்ங்க நலன பாத்துக்கிறது, சூழ்நிலை கேள்வி முக்காவாசி இந்த ரெண்டுக்கும் நடுவுல தான் சுத்தும்.

உதாரணத்துக்கு, உன் சோல்ஜர் ஒருத்தன் கார் ரிப்பேர் ஆகி வாடகைக்கு காசில்லாம, எல்லாரும் வரிசைல கூடுற ஃபார்மேஷனுக்கு லேட்டா வர்றான், என்ன பண்ணுவன்னு கேக்குறாங்கன்னு வச்சுக்கங்க. நம்ம பிள்ளைங்க என்ன பண்றீங்க, டக்குன்னு ரெகுலேஷன் நம்பர சொல்லிட்டு கம்முனு இருக்கீங்க. நம்பர் சரி தான், ஆனா அந்த பையன் இன்னும் தெருவுலயே தான நிக்கிறான்? மொதல்ல அவன உக்கார வச்சு என்னன்னு கேப்பேன், நாளைக்கு காலைல அவன் எப்படி வேலைக்கு வருவான்னு ஏற்பாடு பண்ணுவேன், ஆர்மி எமர்ஜென்சி ரிலீஃப்ல வட்டியில்லா கடனுக்கு அவன் கூடவே போவேன், லேட்டா வந்தத டி.ஏ. ஃபார்ம் 4856ல கவுன்சிலிங்கா எழுதுவேன், ஃபர்ஸ்ட் சார்ஜென்ட் காதுல போடுவேன். இப்படி வரிசையா பேசுங்க, கடைசில ரெகுலேஷன் பேர் ஞாபகம் வந்தா சேத்துக்கங்க. ஏ.ஆர். 600-20 (கமாண்ட் விதிமுறை), ஏ.டி.பி. 6-22 (தலைமைப் பண்பு பத்தினது) ரெண்டையும் கைட்ல இருக்குற ஒரு வரி கேள்வி பதிலா படிக்காம நேரா எடுத்து கொஞ்சம் கொஞ்சமா வாசிங்க, வறட்சியா தான் இருக்கும், ஆனா அது என்னத்துக்கு எழுதுனதுன்னு புரிஞ்சிட்டா எப்படி மாத்தி கேட்டாலும் பேசலாம்.

தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. நம்ம க்ளாஸ்ரூம்ல எந்திரிச்சு நின்னு தெரியாதுன்னு சொல்றது அவமானம், அதனால என்னத்தயாவது அளந்து விடுற பழக்கம் நமக்கு இருக்கு. இங்க, இப்ப எனக்கு பதில் ஞாபகத்துல இல்ல சார்ஜென்ட் மேஜர்னு தெளிவா சொல்றதுல ஒரு கேவலமும் இல்ல. அளந்து விட்டா தான் மாட்டுவீங்க, அவங்க இருவது வருஷம் சர்வீஸ் பண்ண ஆளுங்க, பொய்ய மூக்காலயே மோப்பம் பிடிப்பாங்க.

யூனிஃபார்ம் பத்தி நீட்டி சொல்ல தேவயில்ல, அதுக்கான ரெகுலேஷன் ஏ.ஆர். 670-1 இருக்கு, ஸ்கேல் இருக்கு, ரிப்பன் பாக்கெட்டுக்கு மேல 1/8 இன்ச்னா 1/8 தான். ஒருத்தர கூப்ட்டு முன்னாடி பின்னாடி பாக்க சொல்லுங்க. தங்கச்சிங்களுக்கு மட்டும் ஒரு வார்த்த, மூக்குத்தி கூடாது, லீவுல ஊருக்கு போய் குத்திட்டு வந்து கழட்டுனா தூந்துடுமேன்னு போர்டுக்கு மொத நாள் அழுறவங்கள பாத்திருக்கேன், முன்னாடியே யோசிங்க.

அடுத்தது ரெக்கார்டு, இதுல தான் நம்ம ஆளுங்க நெறய விடுறோம். இந்தியாவுலயோ இலங்கையிலயோ டிகிரி முடிச்சிட்டு இங்க வந்து சேந்தவங்க எத்தன பேர், அந்த படிப்புக்கு சும்மா பாயின்ட் ஏறாது, இங்க அங்கீகாரம் உள்ள ஏஜென்சி கிட்ட குடுத்து மதிப்பீடு பண்ணி வாங்கணும், அதுக்கு பழைய யுனிவர்சிட்டில இருந்து மார்க் ஷீட்டெல்லாம் வரணும், அது வர்றதுக்குள்ள சில பேருக்கு ரெண்டு போர்டே ஓடிடும். அதனால போர்டு தேதிக்காக காத்திருக்காம இன்னிக்கே எழுதிப் போடுங்க. தமிழுக்கு மொழித் தேர்வு குடுக்க முடியுமா, அதுக்கு பாயின்ட் உண்டான்னு உங்க எஸ்-1 (யூனிட்டோட பர்சனல் ஆபீஸ்) கிட்ட போய் வாய தொறந்து கேளுங்க. ஆர்மியோட ஆன்லைன் ரெக்கார்டு சிஸ்டமான ஐப்ஸ்-ஏல உங்க மெடல், கோர்ஸ், ஃபிட்னஸ் ஸ்கோர் எல்லாம் சரியா ஏறிருக்கான்னு நீங்க தான் பாக்கணும், வேற யாருக்கும் அதுல அக்கற இருக்காது.

உங்க ஸ்பான்சர் ஸ்குவாட் லீடர் பிஸின்னு சொன்னா விடாதீங்க, மாக் போர்டு வைங்க சார்ஜென்ட்னு திரும்ப திரும்ப கேளுங்க, தொந்தரவு குடுக்கக்கூடாதுன்னு ஒதுங்குறது நம்ம சுபாவம், ஆனா உங்கள தயார் பண்றது அவரோட வேல. மாக் போர்டுல கதவ தட்டுறதுல இருந்து சல்யூட், ரைட் ஃபேஸ், அபௌட் ஃபேஸ், வெளிய போறது வரைக்கும் முழுசா பண்ணுங்க, சும்மா மேஜைல உக்காந்து கேள்வி கேட்டா அது மாக் போர்டு இல்ல.

அப்புறம் போர்டுல சிபாரிசு கெடச்ச அன்னிக்கே பார்ட்டி போட்டுட்டு சார்ஜென்ட் ஆயிட்டோம்னு ஊருக்கு ஃபோன் பண்ணிடாதீங்க. உங்க எம்.ஓ.எஸ்.க்கு, அதாவது உங்க வேலைப் பிரிவுக்கு, மாசா மாசம் கட்-ஆஃப் ஸ்கோர் வரும், அத உங்க பாயின்ட் தொடணும், பேசிக் லீடர் கோர்ஸ்னு ஒண்ணு இருக்கு, அதையும் முடிக்கணும். கோர்ஸுக்கு சீட் கெடைக்கிறது தான் பல யூனிட்ல இழுத்தடிக்கும், அதனால சிபாரிசு கெடச்ச மறுநாளே ட்ரெய்னிங் என்.சி.ஓ. வாசல்ல போய் நில்லுங்க.

அன்போட,
உங்க ஸ்டாஃப் சார்ஜென்ட் அக்கா