அப்டேட்டை நிறுத்தாதே, பங்காளி

சிம்மக்கல், மதுரை
கார்த்திகை 5

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் போன வாரமே கிடைத்துவிட்டது. முகூர்த்தப் பத்திரிகைகள் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழுந்ததால் பதில் எழுத உட்கார முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதே. வெற்றிலைக் கொடிக்காலில் தேங்கிய தண்ணீர் வடிந்துவிட்டதா? வேர் அழுகிவிடுமோ என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து இங்கே மழை பெய்யும்போதெல்லாம் உன் அகத்தி வரிசைதான் கண்ணில் நிற்கிறது. மதினிக்கு முழங்கால் வலி குறைந்ததா? இங்கே எல்லோரும் நலம். சின்னவள் கல்லூரியில் இரண்டாம் வருடம் போகிறாள். யானைக்கல் தரைப்பாலத்தில் ஒரு வாரமாகத் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுப் போகிறது. சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு போய் நின்று பார்க்கிறேன். நாம் இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பையோடு நின்று பார்த்த அதே இடம்.

இந்தக் கடிதம் முக்கியமாக உன் கடிதத்தின் கடைசி நாலு வரிக்காக. கம்ப்யூட்டரில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வலது கீழ் மூலையில் "வைரஸ் இருக்கிறது, உடனே அப்டேட் செய்" என்று பெட்டி வருகிறது, என் அச்சுக் கடையில் நடந்ததைக் கேள்விப்பட்டதிலிருந்து எதையும் தொடப் பயமாக இருக்கிறது, அதனால் விண்டோஸ் அப்டேட்டையும் சேர்த்து நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் மனசு கேட்கவில்லை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போல ஆகிவிடும் அது. என் கதை உன் காதுக்குப் பாதிதான் வந்திருக்கிறது. முழுதாகச் சொல்கிறேன்.

ஆடிக் கடைசி. ஆவணி முகூர்த்தத்துக்கு வேலை குவிந்திருந்த நேரம். மேலூர்க்காரர் ஒருவர் பத்திரிகை வாசகத்தைப் பழைய பாமினி எழுத்துருவில் கொண்டுவந்தார். அதை எல்லாக் கம்ப்யூட்டரிலும் தெரிகிற யுனிகோடுக்கு மாற்ற, கடையில் டைப் செய்யும் பிள்ளை நெட்டில் ஒரு தளத்தைத் திறந்தாள். பல வருடமாக நாங்கள் போய்வரும் தளம்தான். அன்றைக்குப் பக்கம் முழுவதும் வெள்ளையாகி, நடுவில் குரோமின் வண்ண வட்டம், கீழே "உங்கள் குரோம் பழையதாகிவிட்டது, அப்டேட் செய்தால்தான் இந்தப் பக்கத்தைப் பார்க்கலாம்", அதன் கீழே நீலப் பொத்தான். அழுத்தினாள். ஒரு ஜிப் கோப்பு இறங்கியது. உள்ளே அப்டேட் என்ற பெயரில் ஒரே ஒரு கோப்பு. இரட்டைக் கிளிக் செய்தாள். ஒன்றுமே நடக்கவில்லை. வேலை அவசரத்தில் அவளும் அதை மறந்துவிட்டாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை, பங்காளி. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அழுத்தியிருப்பேன். அந்தக் கோப்பின் வால் "ஜேஎஸ்" என்று முடிந்திருக்கிறது, அது ஓடக்கூடிய நிரல். விண்டோஸ் அந்த வாலை வழக்கமாக மறைத்து வைக்கிறது. மறைக்காமல் காட்டும்படி அன்றே மாற்றிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை வாடிக்கையாளர்கள் வரிசையாகப் போன் செய்தார்கள். கடை மெயிலிலிருந்து எல்லோருக்கும் ஒரு கடிதம் போயிருந்தது. வங்கிக் கணக்கு மாறிவிட்டது, முன்பணத்தை இந்த எண்ணுக்கு அனுப்புங்கள் என்று. ஒரு அம்மா 4,000 ரூபாய் அனுப்பியேவிட்டார். பெண்ணுக்குக் கல்யாணம், பாவம். அந்தப் பணத்தை நான் என் கையிலிருந்து கொடுத்துவிட்டேன்.

எனக்குப் புரியாமல் இருந்தது ஒன்றுதான். மெயிலுக்கு ஓடிபி வைத்திருந்தேன். ஓடிபியே வராமல் எப்படி உள்ளே போனான்? கம்ப்யூட்டர் பார்க்கும் தம்பி விளக்கினார். மீனாட்சி அம்மன் கோவிலுக்குள் போகும்போது செல்போனை வாங்கிக்கொண்டு ஒரு டோக்கன் தருகிறார்கள் இல்லையா? திரும்பி வரும்போது டோக்கனை நீட்டுகிறவரிடம் போன் போகிறது. அதேபோல, ஒருமுறை பாஸ்வேர்டும் ஓடிபியும் கொடுத்து மெயிலுக்குள் போய்விட்டால், பிரவுசர் ஒரு டோக்கனை வாங்கி வைத்துக்கொள்கிறது. குக்கி என்கிறார்கள். இறங்கிய நிரல் சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டுகளோடு அந்த டோக்கனையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. டோக்கன் கையில் இருப்பவனிடம் ஓடிபி யார் கேட்கப்போகிறார்கள்?

இன்னொன்று. அந்தத் தளத்தை அவருக்குக் காட்டலாம் என்று மறுபடி திறந்தால், எப்போதும் போல எழுத்து மாற்றும் பக்கம் வருகிறது. அப்டேட்டும் இல்லை, நீலப் பொத்தானும் இல்லை. நாங்கள் கனவு கண்டோமோ என்று தோன்றிவிட்டது. அதுதான் இதில் இருக்கும் சூது என்றார் அவர். தளத்துக்காரர் நல்லவர்தான். அவர் தளத்துக்குள் எவனோ புகுந்து நாலு வரி செருகிவிட்டுப் போயிருக்கிறான். அந்த வரிகள் வருகிறவரை எடைபோட்டு, சிலருக்கு ஒரே ஒரு தடவை வேடத்தைக் காட்டிவிட்டு மறைந்துவிடும். குரோமில் போனால் குரோம் வேடம், பயர்பாக்ஸில் போனால் பயர்பாக்ஸ் வேடம். இந்த வகைக்குப் பாதுகாப்பு ஆட்கள் ஃபேக்அப்டேட்ஸ் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், சாக்கோலிஷ் என்றும் சொல்கிறார்கள். பல வருடமாக நடக்கிறது. ஆகவே "தெரிந்த தளம்தானே" என்ற நம்பிக்கை மட்டும் போதாது.

அன்றைக்குச் செய்ததையும் எழுதிவிடுகிறேன். முதலில் நெட் கேபிளைப் பிடுங்கினேன். அந்தக் கம்ப்யூட்டரிலேயே பாஸ்வேர்டை மாற்ற உட்கார்ந்தேன், தம்பி கையைப் பிடித்து நிறுத்தினார். புதுப் பாஸ்வேர்டும் திருடன் கைக்குத்தான் போகும் என்று. போனில், மொபைல் டேட்டாவில் போய் மெயில், வங்கி என்று ஒவ்வொன்றாக மாற்றினேன். மெயிலில் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றும் வசதி இருக்கிறது, அதையும் அழுத்தினோம். அப்போதுதான் திருடிய டோக்கன் செல்லாமல் போகும். வங்கிக்குச் சொன்னேன். 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் பிரிவுக்கும் சொன்னேன். பணம் போயிருந்தால் அந்த எண்ணுக்கு எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது, பணம் வேறு கணக்குக்கு ஓடுவதற்குள் நிறுத்தப் பார்ப்பார்கள். பிறகு கம்ப்யூட்டரை முழுதாக அழித்து விண்டோஸ் புதிதாகப் போட்டோம். பழைய டிசைன்கள் தனி ஹார்ட் டிஸ்கில் வீட்டு பீரோவில் இருந்ததால் தொழில் தப்பியது.

எனக்குத் தூக்கம் போனது பணத்தால் இல்லை. ஜெராக்ஸுக்கும் ஸ்கேனுக்கும் வருகிறவர்களின் ஆதார், ரேஷன் கார்டு, பத்திர நகல் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில் மாதக்கணக்கில் கிடந்தன. ஊராரின் வீட்டுச் சாவிகளைக் கடை வாசலில் தொங்கவிட்டது மாதிரி. என்னென்ன போயிற்று என்று கண்டுபிடிக்க வழியில்லை. நம்பர் இருந்தவர்களுக்கெல்லாம் நானே போன் செய்து சொன்னேன். ஆதாரில் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது, கேட்டவர்களுக்கு உட்கார்ந்து செய்து கொடுத்தேன். ஒருவர் திட்டினார். வாங்கிக்கொண்டேன். இப்போது ஸ்கேன் செய்த நகல் அன்று ராத்திரி கடை சாத்துவதற்குள் அழிந்துவிடும். நீயும் கொடிக்கால்காரர்களுக்கெல்லாம் கணக்கு எழுதிக் கொடுக்கிறாய். அவர்கள் பாஸ்புக் நகல் எல்லாம் உன்னிடம்தான் இருக்கும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இனி உன் பெட்டிக்கு வருகிறேன். நீ சொல்கிற அடையாளத்தைப் பார்த்தால் அது பெரும்பாலும் வைரஸே இல்லை. ஏதோ ஒரு பக்கம் "நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அனுமதி என்பதை அழுத்துங்கள்" என்று கேட்டிருக்கும், நீ அழுத்தியிருப்பாய். அது அந்தத் தளம் உனக்கு அறிவிப்பு அனுப்பிக்கொண்டே இருக்க நீ கொடுத்த உரிமை. விண்டோஸ் சொல்வது போலவே மூலையில் வந்து மிரட்டும். பெட்டியை உற்றுப் பார், சின்ன எழுத்தில் ஒரு தளத்தின் பெயர் இருக்கும். குரோமில் மேலே வலது ஓரம் மூன்று புள்ளி, அதில் அமைப்புகள், தனியுரிமை, தள அமைப்புகள், அறிவிப்புகள். அனுமதித்த பட்டியலில் அந்தப் பெயரை நீக்கு. நின்றுவிடும். பெட்டியை மட்டும் அழுத்தாதே. அழுத்தினால் அது கூட்டிப்போகும் இடத்தில்தான் நிஜ வைரஸ் காத்திருக்கும்.

எது நிஜம் எது பொய் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருந்தாய். என் தொழிலை வைத்தே சொல்கிறேன். நான் அச்சடிக்கிற கல்யாணப் பத்திரிகையில் "மெஷினில் எண்ணெய் தீர்ந்துவிட்டது, உடனே ஊற்று" என்று வாசகம் வந்தால் நான் எண்ணெய் ஊற்றப் போவேனா? யாரோ எழுதிக் கொடுத்தது அச்சாகியிருக்கிறது, அவ்வளவுதான். மெஷினின் நிலை எனக்கு மெஷினிடம்தான் தெரியவேண்டும். பிரவுசரும் அப்படித்தான். முகவரிப் பட்டைக்குக் கீழே தெரிவது முழுவதும் தளத்துக்காரன் அச்சடித்தது. அங்கே எந்தப் படமும் போடலாம், எந்த எழுத்தும் எழுதலாம். குரோமுக்கு நிஜமாகவே அப்டேட் வேண்டியிருந்தால் அந்த மூன்று புள்ளிப் பக்கம்தான் அடையாளம் தெரியும். அதில் உதவி, பிறகு "கூகுள் குரோம் பற்றி". அதைத் திறந்தாலே தானாகத் தேடி இறக்கிக்கொள்ளும், மூடித் திறந்தால் முடிந்தது. ஜிப் கோப்பு இறக்கு, இரட்டைக் கிளிக் செய் என்று அது ஒருநாளும் கேட்காது. ஃபிளாஷ் பிளேயரை அப்டேட் செய் என்று வந்தால் யோசிக்கவே வேண்டாம். அடோபி அதை 2020 டிசம்பர் 31-ஓடு கைவிட்டுவிட்டது. செத்தவருக்கு மருந்து வாங்கச் சொல்கிறார்கள்.

போன வாரம் ஒரு மாணவி லேப்டாப்பைத் திறந்தபடியே கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். திரை முழுக்க நீலம், "அப்டேட் ஆகிறது, அணைக்காதே" என்று வட்டம் சுற்றுகிறது. கீழே, விண்டோஸ் கீயோடு ஆர், பிறகு கன்ட்ரோலோடு வி, பிறகு என்டர் அழுத்து என்று மூன்று படி. நல்லவேளை, அழுத்தாமல் வந்தாள். அந்தப் பக்கமே ஒரு கட்டளையை ரகசியமாக நகலெடுத்து வைத்திருக்கும். அந்த மூன்று விசைகளால் நாமே அதை ஒட்டி ஓடவிட்டுவிடுவோம். எஸ்கேப் விசையை அழுத்திப் பிடித்தேன், நீலம் சுருங்கி வெறும் வலைப்பக்கமாகிவிட்டது. சாத்திவிட்டோம். விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தினால் திறக்கிற ரன் பெட்டியில் எதையாவது ஒட்டச் சொல்லி எந்த நிஜ அப்டேட்டும் கேட்காது.

போனிலும் இதே கதைதான். வாட்ஸ்அப்பில் ஏபிகே என்று முடிகிற கோப்பு, அதாவது போனில் ஆப்பை நிறுவுகிற கோப்பு, வந்தால் யார் அனுப்பியிருந்தாலும் திறக்காதே. கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில்கூட அனுப்புகிறார்கள். பத்திரிகை அடித்தே பிழைக்கிறவனுக்கு அது எவ்வளவு வேதனை, சொல். நான் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ மட்டும்தான் அனுப்புகிறேன்.

இப்போது நீ நிறுத்தியதைப் பற்றி. 2017 மே 12-ல் வான்னாகிரை என்று ஒன்று வந்து உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டதே, இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே திணறினவே, நினைவிருக்கிறதா? அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-லேயே கொடுத்துவிட்டது. இரண்டு மாதம் முன்னால்! போட்டவர்களுக்கு அந்த ஓட்டை அடைபட்டிருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். எந்தப் பொத்தானையும் அழுத்தவேண்டிய அவசியம்கூட அதற்கு இல்லை, பங்காளி. நெட்வொர்க் வழியாகத் தானே தாவியது. நீ எவ்வளவு கவனமாக இருந்தாலும், அடைக்காத ஓட்டைக்குக் கவனம் காவல் நிற்காது.

உன்னுடையது இன்னும் விண்டோஸ் 10 என்று நினைக்கிறேன். அதற்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் 2026 அக்டோபர் 13 வரை வாங்கிக்கொள்ளப் பதிவு செய்யும் வசதி உண்டு, அது அமைப்புகளில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குள்ளேயே தெரியும். விண்டோஸ் 11 ஏற்குமா என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் சோழவந்தான் வருகிறேன். உன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சேர்ந்தே செய்வோம். கணக்குகளை நகலெடுக்க ஒரு ஹார்ட் டிஸ்கும் கொண்டுவருகிறேன். அதுவரை அந்தப் பெட்டியைத் தொடாதே. நிறுத்திவைத்த அப்டேட்டை மட்டும் இன்றைக்கே திறந்துவிடு. மதினியிடம் சொல், சமையல் எதுவும் பெரிதாக வேண்டாம். சாயங்காலம் கொடிக்கால் பக்கம் ஒரு நடை போய்விட்டு வருவோம்.

உன் பங்காளி