பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

நாகலூர், ஏற்காடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. நோயாளிகள் முன்னாடியே இன்சார்ஜ் சிஸ்டர் உன்னைத் திட்டினார், "மலையிலிருந்து வந்தவளுக்கு வேறென்ன தெரியும்" என்று கேட்டார் என்று சொல்லி அழுதாய். நீ அழுததற்கு வருத்தப்பட்டேன். ஆனால் கடைசியில், "அவங்க முகத்தைப் பார்த்தாலே எரியுதுப்பா, நாசமாப் போகட்டும்" என்றாயே, அதற்குத்தான் பயந்தேன். அந்த எரிச்சலை ஏழு வருஷம் வளர்த்தவன் நான்.

மேட்டுத்தோட்டத்துக்காரரை உனக்குத் தெரியும். நீ ஹாஸ்டலில் படித்த காலத்தில் அவர் எல்லைக்கல்லைத் தள்ளி நட்டார். நம் ஒன்பது சில்வர் ஓக் மரங்கள், ஏற்றிவிட்ட மிளகுக் கொடியோடு அவர் பக்கம் போய்விட்டன. அவர் சேர்வராயன் கோயிலுக்குப் போகிறவர், நாம் சர்ச்சுக்கு. திருவிருந்து எடுத்துவிட்டு வரும் வழியில் அவர் எதிரே வந்தால் நான் காறித் துப்பியிருக்கிறேன். உன்னிடம் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டும்.

ஒரு டிசம்பர் சாயங்காலம், காபிப் பழத்தின் தோலை உரிக்கிற அவர் வீட்டுப் பல்ப்பர் மெஷினின் பல்சக்கரம் உடைந்தது. காபிப் பழம் பறித்த அன்றே தோலுரிக்க வேண்டும், விட்டால் புளித்து, கொட்டையே நாறிப்போகும். ஆறு மூட்டைப் பழம் களத்தில் கிடந்தது. பனியில் சேலத்துக்கு இறங்கி ஆள் கூட்டிவரவும் வழியில்லை. அம்மா என்னிடம் எதையும் செய்யச் சொல்லவில்லை. "அவங்க பழம் அப்படியே கிடக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

வேலி ஓரம் போய், "பழத்தைக் கொண்டாங்க" என்றேன். குரல் முரட்டுத்தனமாகத்தான் வந்தது. நெஞ்சில் அன்பு ஒரு துளிகூட இல்லை. "உன் சத்துரு பசியாயிருந்தால், அவனுக்குப் போஜனங்கொடு" என்று பைபிளில் ரோமர் 12-இல் இருக்கிற வசனம் ஒன்றுதான் இருந்தது. மனம் கனிந்த பிறகு கொடு என்று அதில் இல்லை, பார்த்தாயா.

ராத்திரி ஒரு மணிவரை நம் பல்ப்பரின் கைப்பிடியை நான் சுற்றினேன், அவர் பழத்தைக் கொட்டினார். சிவப்புத் தோல் ஒரு பக்கம், வழுவழுவென்று கொட்டை ஒரு பக்கம். பத்து வார்த்தைகூடப் பேசவில்லை. லாந்தர் வெளிச்சத்தில் கூடையைத் தூக்கும்போது அவர் வலது கை நடுங்கியது. எத்தனை நாளாக நடுங்குகிறதோ! ஏழு வருஷம் முறைத்த மனுஷனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்காகக் கல்லை நான் விட்டுவிடவில்லை. சர்வேயரை வைத்து அளந்தோம், கல் பழைய இடத்துக்கு வந்தது. அவர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. இப்போது வேலிக்கு அந்தப் பக்கம் நின்று காபி விலை கேட்பார். எனக்கு அது போதும்.

ஸ்டெயின்ஸ் குடும்பத்தைப் பற்றிச் சின்ன வயதில் உனக்குச் சொல்லியிருக்கிறேன். ஒடிசாவில் தொழுநோயாளிகளுக்கு உழைத்த கிரஹாம் ஸ்டெயின்ஸை, 10 வயதும் 6 வயதுமான இரண்டு மகன்களோடு 1999 ஜனவரியில் ஜீப்பில் வைத்து எரித்தார்கள். அவர் மனைவி கிளாடிஸ் மன்னித்துவிட்டதாகச் சொன்னார். மகளோடு அங்கேயே தங்கி, அந்த நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டார். கோர்ட்டில் வழக்கும் நடந்தது, தண்டனையும் கிடைத்தது. மன்னிப்பு வழக்கை நிறுத்தவில்லை. நம்முடையதை அதோடு வைத்துப் பேசவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது, கண்ணு. அவ்வளவு பெரிய துக்கத்தில் அவரால் முடிந்ததென்றால் ஒன்பது மரத்துக்கு நான் ஏழு வருஷம் எடுத்துக்கொண்டேனே என்றுதான் நினைப்பேன்.

அதனால் அந்த சிஸ்டர் பேசியது தப்பு என்று மேலே எழுதிக் கொடு. அது பகை இல்லை. உன்னை மிதிக்க விடச் சொல்லி நான் எழுதவில்லை. ஆனால் அறையில் மற்றப் பிள்ளைகள் அவர் நடையையும் பேச்சையும் செய்துகாட்டிச் சிரிக்கும்போது நீ சேராதே. டூட்டி ஒப்படைக்கும்போது எந்த பெட்டுக்கு எந்த ஊசி பாக்கி என்று ஒன்று விடாமல் அவரிடம் சொல். அவர் மாட்டிக்கொள்ளட்டும் என்று ஒரு விவரத்தை மறைத்தாலும் வலி படுகிறவர் அந்த நோயாளி. நைட் டூட்டியில் டீ போட்டால் அவருக்கும் ஒரு டம்ளர் வை. பேச வேண்டாம், வைத்துவிட்டு வந்துவிடு. முதல் நாள் மனசு கசக்கத்தான் செய்யும். எனக்கும் கசந்தது.

மிளகு காய்கிறது. அடுத்த வாரம் காபித்தூளோடு பார்சல் போடுகிறேன். குளிருக்கு அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, கவலைப்படும்படி இல்லை.

இன்னொன்று. அந்த சிஸ்டரின் பெயர் என்னவென்று எழுது. ராத்திரி ஜெபத்தில் அம்மா "பாப்பாவோட இன்சார்ஜ்" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா